நிகழ்பட வடிகட்டிகளும் சிறுவர் பாதுகாப்பும்

நிகழ்பட வடிகட்டி என்பது இணையத்தில் உள்ள நிகழ்படங்களுள் சிறுவர் காணத் தகாதவற்றை இனங்கண்டு, அவை அவர்களது திரையை எட்டாதவாறு தடுக்க முயலும் மென்பொருள் அல்லது தொழினுட்ப ஏற்பாடு ஆகும். ஆபாசம், கொடூர வன்முறை, தற்கொலைத் தூண்டல், சூதாட்டம் முதலியன பொதுவாகத் தடுக்கப்படும் வகைகள். வடிகட்டி வீட்டுக் கணினியிலோ கைபேசியிலோ இருக்கலாம். பள்ளியின் வலையமைப்பில் இருக்கலாம். இணையச் சேவை வழங்குநரிடம் இருக்கலாம். யூடியூப் போன்ற தளத்தின் உள்ளேயே இருக்கலாம். அது இருக்கும் இடத்தைப் பொறுத்தே அதன் கண்ணுக்கு எது தெரியும், எது தெரியாது என்பது அமைகிறது. இந்த வேறுபாட்டைக் கவனியாமல் "வடிகட்டி போட்டாயிற்று" என்று அமைதி கொள்வதே இத்துறையில் மிகுதியாகக் காணப்படும் பிழை எனலாம்.

செயற்படும் முறை

மிகப் பழைய முறை பட்டியல் முறை ஆகும். தகாத தளங்களின் முகவரிகள் பட்டியலிடப்பட்டு, அவற்றுக்கான வேண்டுகோள்கள் மறுக்கப்படும். அடுத்தது சொல் முறை; தலைப்பிலோ பக்கத்திலோ குறிப்பிட்ட சொற்கள் இருப்பின் பக்கம் தடுக்கப்படும். இணையத் தரவு குறியாக்கம் இன்றித் திறந்த நிலையில் சென்றுகொண்டிருந்த காலத்தில் இடையில் நிற்கும் எந்தக் கருவியும் பக்கத்தின் முழு முகவரியையும் உள்ளடக்கத்தையும் படிக்க முடிந்தது. இன்று பெரும்பாலான தளங்கள் குறியாக்கப்பட்ட இணைப்பையே பயன்படுத்துகின்றன. ஆகவே, இணையச் சேவை வழங்குநருக்குப் பொதுவாகத் தெரிவது ஆள்களப் பெயர் மட்டுமே. ஒரு வீட்டிலிருந்து யூடியூபுக்கு இணைப்புச் செல்கிறது என்பது அவருக்குத் தெரியும். அங்கே தேவாரம் ஒலிக்கிறதா வேறொன்று ஓடுகிறதா என்பது தெரியாது. அவரால் யூடியூபை முழுவதும் அடைக்க முடியும், அல்லது முழுவதும் விட முடியும். ஒரு நிகழ்படத்தை மட்டும் பிரித்தெடுத்து அடைக்க இயலாது.

இதற்கு ஒரு சிறு விதிவிலக்கு உண்டு. பள்ளி, நூலகம் போன்ற நிறுவனங்கள் தமது வலையமைப்பின் ஆள்களப் பெயர் அமைப்பை மாற்றி, அங்கிருந்து யூடியூபுக்குச் செல்லும் இணைப்புகள் யாவும் அதன் "வரம்பிட்ட பயன்முறை"க்கே செல்லுமாறு செய்யலாம். ஆனால், மாணவர் தமது கைபேசியின் சொந்த இணைய இணைப்புக்கு மாறிய கணமே இந்த ஏற்பாடு விலகிவிடும்.

படத்தையே ஆராயும் முறை 1990களில் தொடங்கியது. 1996-இல் பிளெக், போர்சித், பிரெக்லர் ஆகியோர், படத்தில் தோல் நிறமுள்ள பகுதிகளையும் அவை உடலுறுப்புகளைப் போல இணைந்துள்ள விதத்தையும் கொண்டு ஆடையற்ற உருவங்களைக் கண்டறியும் வழியொன்றை வெளியிட்டனர். பிற்கால வடிகட்டிகள் பலவற்றில் தோலின் அளவு ஒரு முதன்மைக் குறியீடாக விளங்கியது. இம்முறையின் வலுவின்மையை விளங்கிக்கொள்ளத் திருவண்ணாமலையை விடச் சிறந்த ஊர் அமையாது. கோவணம் மட்டும் உடுத்திய இரமண மகரிசியின் ஒளிப்படம் ஊரில் எங்கும் காணப்படுவது. தோலை மட்டும் அளக்கும் கருவிக்கு அது தடுக்க வேண்டிய படம். மலை சுற்றும் துறவியரும், கோபுரச் சுதைச் சிற்பங்களும், குளத்தில் நீராடும் அடியவரும் அதன் கண்ணுக்கு ஒன்றே. மறுபுறம், உடல் முழுதும் ஆடை அணிந்த ஒருவர் கையில் கத்தியுடன் செய்யும் கொடுமை தடையின்றிக் கடந்து செல்லும்.

மூன்றாவது முறை கைரேகை ஒப்பீடு எனத்தக்கது. ஏற்கெனவே சட்டவிரோதம் என்று உறுதிசெய்யப்பட்ட படம் அல்லது நிகழ்படத்திலிருந்து ஓர் எண்கோவை உருவாக்கப்பட்டு, புதிதாகப் பதிவேற்றப்படும் ஒவ்வொன்றும் அதனுடன் ஒப்பிடப்படும். மைக்ரோசாப்டு நிறுவனமும் ஆனி பரீத் என்ற பேராசிரியரும் 2009-இல் உருவாக்கிய போட்டோடிஎன்ஏ இவ்வகையைச் சார்ந்தது. வடிகட்டிகளுள் பிழை மிகக் குறைந்தது இதுவே. ஆயினும், ஏற்கெனவே அறியப்பட்டதை மட்டுமே இது பிடிக்கும். நேற்று எடுக்கப்பட்ட புதிய நிகழ்படம் இதற்கு முற்றிலும் அந்நியம்.

இன்று பெருந்தளங்கள் பயன்படுத்துவது பொறிக் கற்றல் முறை. பல இலட்சம் எடுத்துக்காட்டுகளிலிருந்து கற்ற மென்பொருள், ஒரு நிகழ்படம் தகாததாக இருக்கும் வாய்ப்பை மதிப்பிடுகிறது. நிமிடத்துக்கு 500 மணிநேரத்துக்கு மேற்பட்ட நிகழ்படங்கள் தன்னிடம் பதிவேற்றப்படுவதாக யூடியூப் 2019-இல் கூறியிருந்தது. இவ்வளவையும் மனிதர் பார்த்துத் தீர்ப்பளிப்பது நடவாத செயல். எனவே பொறியை நம்புவதன்றி வேறு வழி இல்லை.

ஒரு கணக்கு

நூற்றுக்குத் தொண்ணூறு சரியாக இயங்கும் வடிகட்டி என்று விளம்பரம் செய்யப்பட்டால் அது நல்ல வடிகட்டியாகத் தோன்றும். ஒரு கற்பனைக் கணக்கைப் பார்க்கலாம். 10,000 நிகழ்படங்கள் உள்ளன. அவற்றுள் 10 மட்டுமே தகாதவை. வடிகட்டி தகாதவற்றுள் 90 விழுக்காட்டைப் பிடிக்கிறது. நல்லவற்றுள் ஒரு விழுக்காட்டை மட்டும் தவறாகப் பிடிக்கிறது எனக் கொள்வோம். பிடிபடும் தகாதவை 9. தவறாகப் பிடிபடும் நல்லவை ஏறத்தாழ 100. அதாவது, தடுக்கப்பட்ட 109-இல் 100 குற்றமற்றவை. தகாத ஒன்றோ இன்னும் வெளியே உள்ளது. கெட்டது அரிதாக இருக்கும் இடத்தில் எந்த வடிகட்டிக்கும் இந்த இக்கட்டு உண்டு. கண்ணியைச் சிறிதாக்கினால் நல்லவை மேலும் சிக்கும். பெரிதாக்கினால் கெட்டவை மேலும் நழுவும். பிழையே இல்லாத அளவு ஒன்று இல்லை. எந்தப் பிழையை எவ்வளவு பொறுப்பது என்பதை மனிதர்தாம் முடிவு செய்ய வேண்டும்.

அளவு மீறிய தடுப்புக்குச் சான்றுகள் பல. 2008 திசம்பரில் பிரித்தானியாவின் இணையக் கண்காணிப்பு அறக்கட்டளை, ஆங்கில விக்கிப்பீடியாவில் இருந்த ஓர் இசைத்தட்டு அட்டைப்படத்தைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. செருமனியின் இசுகார்ப்பியன்சு குழு 1976-இல் வெளியிட்ட இசைத்தொகுப்பின் அட்டை அது. பல சேவை வழங்குநர்களின் பயனர்கள் அனைவரும் ஒருசில பதிலாள் வழங்கிகள் வழியாகவே அத்தளத்தை அடையுமாறு ஆனதால், பிரித்தானியப் பயனர் பெரும்பாலோர் கணக்கின்றிக் கட்டுரைகளைத் தொகுக்க முடியாமற் போயிற்று. நான்கு நாட்களில் தடை விலக்கப்பட்டது. 2017-இல் யூடியூபின் வரம்பிட்ட பயன்முறை, பாலினச் சிறுபான்மையினர் தம் வாழ்வைப் பற்றிப் பேசிய சாதாரண நிகழ்படங்களையும் மறைத்தது தெரியவந்து கண்டனம் எழுந்தது. திருத்தத்துக்குப் பின்னர் 1 கோடியே 20 இலட்சம் நிகழ்படங்கள் அப்பயன்முறையில் மீண்டும் காணக் கிடைத்ததாக அந்நிறுவனம் அறிவித்தது.

எதிர்ப்பக்கத் தோல்விக்கு எல்சாகேட்டு எனப்படும் விவகாரம் பெயர் பெற்றது. 2017-இல், குழந்தைகள் விரும்பும் கேலிச்சித்திர மாந்தர்களின் உருவில் வன்முறையும் ஆபாசமும் கலந்த நிகழ்படங்கள் யூடியூபிலும், சிறுவருக்கென 2015-இல் தொடங்கப்பட்ட யூடியூப் கிட்சு செயலியிலும் பரவியிருந்தது வெளிப்பட்டது. பளிச்சிடும் வண்ணங்கள், பிள்ளைகளுக்குப் பழகிய பெயர்கள், தாலாட்டு இசை ஆகியவற்றைச் "சிறுவருக்கு உகந்தது" என்பதன் அடையாளமாகப் பொறி கொண்டிருந்தது. அந்த அடையாளங்களையே வேடமாக அணிந்து அவை உள்ளே நுழைந்தன. அவ்வாண்டு நவம்பரில் 270-க்கு மேற்பட்ட கணக்குகளும் 1,50,000-க்கு மேற்பட்ட நிகழ்படங்களும் நீக்கப்பட்டன. 2020-இல் வெளியான ஓர் ஆய்வு, குழந்தைகளுக்கான தேடலில் முதல் பத்தாக வரும் நிகழ்படம் ஒன்றில் தொடங்கி யூடியூபின் பரிந்துரைகளைப் பின்தொடரும் சிறு குழந்தை, பத்துத் தாவல்களுக்குள் தகாத நிகழ்படம் ஒன்றை அடையும் வாய்ப்பு 3.5 விழுக்காடு என்று மதிப்பிட்டது. இது சிறிய எண்ணாகத் தோன்றலாம். நாள்தோறும் பலமுறை பத்துத் தாவல்கள் தாவும் குழந்தைக்கு அது சிறிதன்று.

தமிழும் வடிகட்டிகளும்

சொல் முறை வடிகட்டிகள் பெரும்பாலும் ஆங்கிலத்துக்கெனச் செய்யப்பட்டவை. அவற்றைத் தமிழுக்கு நேரே பொருத்தினால் விந்தையான விளைவுகள் உண்டாகும். "காம" என்ற எழுத்துத் தொடரைத் தடுத்தால் காமராசரும் காமாட்சியம்மனும் தடுக்கப்படுவர். திருக்குறளின் மூன்றாம் பால் முழுவதும் மறையும். தாய்ப்பால் பற்றிய மருத்துவ அறிவுரையும், சங்க இலக்கிய வகுப்பும் ஐயத்துக்கு உரியனவாகும்.

தமிழ்ச் சொற்கள் வேற்றுமை உருபும் விகுதியும் ஏற்று நீள்வதால், ஒரு சொல்லுக்கு நூற்றுக்கணக்கான வடிவங்கள் உண்டு. பட்டியலில் ஒன்று இருந்தால் ஏனையவை தப்பும். ஒருங்குறி பரவலாகும் முன்னர் திசுக்கி, தாபு, தாம், பாமினி எனப் பல குறியேற்றங்கள் புழங்கின. ஒரே சொல் ஒவ்வொன்றிலும் வெவ்வேறு எண்களாகப் பதியப்பட்டிருந்ததால், அக்காலத்தில் தமிழ்ப் பக்கங்கள் வடிகட்டிகளுக்குப் புரியாத கிறுக்கல்களாகவே இருந்தன. அந்தச் சிக்கல் இன்று பெரும்பாலும் நீங்கிவிட்டது. ஆனால், இலத்தீன் எழுத்தில் தமிழை ஒலிபெயர்த்து எழுதும் வழக்கம் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. இதற்கு நிலையான எழுத்துக்கூட்டல் ஏதும் இல்லை. நிகழ்படத்தில் பேசப்படும் வட்டாரத் தமிழையும், இரட்டைப் பொருள் தரும் பேச்சையும் பொறி விளங்கிக்கொள்வது இன்னும் கடினம். படத்தில் குறையேதும் இல்லாமல் பேச்சில் மட்டும் நஞ்சுள்ள நிகழ்படங்களே இவ்வாறு மிக எளிதாகத் தப்புகின்றன.

பகிர்ந்து பயன்படுத்தும் கைபேசி

பெற்றோர் கட்டுப்பாட்டு மென்பொருள்கள் அனைத்தும் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்கின்றன. அக்குடும்பத்தில் பிள்ளைக்குத் தனிக் கருவி உண்டு. தனிக் கணக்கு உண்டு. பிறந்த தேதி உண்மையாகப் பதியப்பட்டிருக்கும். அமைப்புகளைத் திறந்து மாற்றத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருப்பார். தமிழ்நாட்டு வீடுகள் பலவற்றில் இவற்றுள் ஒன்றும் பொருந்துவதில்லை.

எடுத்துக்காட்டாக, திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபத்தன்று நிகழக்கூடிய ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். மலையுச்சியில் ஏற்றப்படும் மகாதீபத்தை நேரில் காண இயலாத முதியவர் கைபேசியில் நேரலையாகக் காண்கிறார். பெருந்தொற்று நிலவிய 2020-இல் கிரிவலத்துக்குத் தடை இருந்தபோது பலரும் இவ்வாறே கண்டனர். தீபம் முடிந்ததும் கைபேசி பேரனின் கைக்குப் போகிறது. கருவி ஒன்றே, கணக்கு முதியவருடையது. தளத்தைப் பொறுத்த வரையில் இப்போதும் பார்த்துக்கொண்டிருப்பவர் அறுபது வயதைக் கடந்தவர். வயது வரம்பு வேலை செய்வதில்லை, ஏனெனில் கணக்கின் வயது வரம்பைக் கடந்தது. வரம்பிட்ட பயன்முறை இயல்பாக இயங்குவதன்று. ஒருவர் அதைத் தேடி இயக்க வேண்டும். யூடியூப் கிட்சு செயலி 2016 முதல் இந்தியாவில் கிடைக்கிறது என்றாலும் அதைத் தனியே நிறுவ வேண்டும். வடிகட்டிகள் அத்தனையும் இருந்தும் அந்த வீட்டில் ஒன்றும் இல்லை.

2020-இல் பள்ளிகள் மூடப்பட்டபோது இந்நிலை விரிவடைந்தது. 2019 ஆகத்து 26 அன்று தொடங்கப்பட்ட கல்வித் தொலைக்காட்சியின் பாடங்கள் யூடியூபிலும் வெளியாயின. கைபேசியைக் கொடுக்காதே என்ற பழைய அறிவுரை பாடத்துக்குக் கைபேசி கொடு என்று மாறியது. வடிகட்டுவது எப்படி என்று சொல்லித்தர அப்போது யாருக்கும் நேரம் இருக்கவில்லை. 14 முதல் 18 வயதினரிடம் ஊரகப் பகுதிகளில் நடத்தப்பட்ட 2023 ஆம் ஆண்டின் ஏசர் கணக்கெடுப்பில், ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் வீட்டில் திறன்பேசி இருப்பதாகத் தெரிவித்தனர். சமூக ஊடகம் பயன்படுத்தியோருள் இணையப் பாதுகாப்பு அமைப்புகளை அறிந்தவர் பாதிப்பேர் அளவினரே. தமிழ்நாட்டில் இக்கணக்கெடுப்புக்குத் தெரிவு செய்யப்பட்டது பெரம்பலூர் மாவட்டம் ஆகும்.

இந்தியாவில் தடைகளும் நீதிமன்றங்களும்

2015 சூலை 31 அன்று இந்திய அரசு 857 தளங்களை முடக்குமாறு இணையச் சேவை வழங்குநர்களுக்கு ஆணையிட்டது. எதிர்ப்பு எழவே, சில நாட்களில் ஆணை தளர்த்தப்பட்டு, சிறுவர் தொடர்பான ஆபாசம் உள்ளவற்றை மட்டும் தடுத்தால் போதும் என்று கூறப்பட்டது. எந்தத் தளத்தில் அது உள்ளது என்று தாம் எவ்வாறு அறிவது எனச் சேவை வழங்குநர்கள் கேட்டனர். அது நியாயமான கேள்வியே. 2018-இல் உத்தராகண்டம் உயர் நீதிமன்றத்தின் ஆணையை அடுத்து அதே பட்டியல் மீண்டும் எடுக்கப்பட்டபோது, அவற்றுள் 30 தளங்களில் ஆபாசம் ஏதும் இல்லை என்று அரசே கண்டறிந்தது. 827 தளங்கள் முடக்கப்பட்டன. முடக்கம் ஆள்களப் பெயர் அளவிலானது என்பதால், அதே உள்ளடக்கம் வேறு பெயரில் வருவதை அது தடுக்காது.

தமிழ்நாட்டில் பெரிதும் பேசப்பட்ட வழக்கு டிக்டாக் செயலி பற்றியது. சிறுவர்கள் ஆபாசத்துக்கும் தீய நோக்குடைய அந்நியருக்கும் ஆளாகின்றனர் என்று தொடுக்கப்பட்ட மனுவில், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை நீதிபதிகள் ந. கிருபாகரன், எசு. எசு. சுந்தர் ஆகியோர் 2019 ஏப்பிரல் 3 அன்று அச்செயலியின் பதிவிறக்கத்தைத் தடை செய்யுமாறு அரசுக்கு ஆணையிட்டனர். அம்மாத நடுவில் கூகுளும் ஆப்பிளும் தம் செயலிக் கடைகளிலிருந்து அதனை நீக்கின. ஏற்கெனவே நிறுவியிருந்தோர் தொடர்ந்து பயன்படுத்தினர் என்பது இங்கு நோக்கத்தக்கது. தன் நிபந்தனைகளை மீறிய 60 இலட்சத்துக்கு மேற்பட்ட இந்திய நிகழ்படங்களை நீக்கியதாக நிறுவனம் தெரிவித்தது. நீதிமன்றத்துக்கு உதவ அமர்த்தப்பட்ட மூத்த வழக்கறிஞர் அரவிந்த் தாத்தார் தடை தீர்வாகாது என்ற நிலைப்பாட்டை முன்வைத்தார். ஏப்பிரல் 24 அன்று, ஆபாச நிகழ்படங்கள் இடம்பெறக் கூடாது என்ற நிபந்தனையுடன் தடை நீக்கப்பட்டது; மீறினால் நீதிமன்ற அவமதிப்பாகும் என்றும் எச்சரிக்கப்பட்டது. சட்டத்தின் சிக்கல் இங்கே தெளிவாகத் தெரிகிறது. வடிகட்டி பிழைபடாது என்ற உறுதியின்மேல் ஆணை நிற்கிறது. அந்த உறுதியை எந்த வடிகட்டியும் தர முடியாது. 2020 சூன் 29 அன்று அச்செயலி வேறு 58 செயலிகளுடன் நாட்டின் பாதுகாப்பைக் காரணம் காட்டித் தடை செய்யப்பட்டது. அத்தடைக்கும் சிறுவர் பாதுகாப்புக்கும் தொடர்பில்லை.

2019-இல் மாநிலங்களவையில் தமிழ்நாட்டு உறுப்பினர் விஜிலா சத்யானந்த் இப்பொருளை எழுப்பியதை அடுத்து, செய்ராம் ரமேசு தலைமையில் 14 உறுப்பினர் குழு அமைக்கப்பட்டது. 2020 சனவரியில் அது அளித்த 40 பரிந்துரைகளுள், இந்தியாவில் விற்கப்படும் கருவிகளில் பெற்றோர் கண்காணிப்புச் செயலிகளைக் கட்டாயமாக்குவதும் ஒன்று.

2025 திசம்பரில், சேவை வழங்குநர்கள் பெற்றோருக்கான கட்டுப்பாட்டு வசதியை வழங்க வேண்டும் எனக் கோரிய பொதுநல வழக்கில், மதுரைக் கிளை நீதிபதிகள் கோ. செயச்சந்திரன், கே. கே. இராமகிருட்டிணன் ஆகியோர், ஆத்திரேலியாவைப் போன்ற சட்டமொன்றை நடுவண் அரசு ஆராயலாம் என்றனர். அச்சட்டம் 2025 திசம்பர் 10 முதல் 16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கிறது. யூடியூபும் அதில் அடங்கும். எனினும் கணக்கின்றி யூடியூபைப் பார்ப்பதை அது தடுக்கவில்லை. சிறுவர் கணக்கில் பெற்றோர் அமைத்திருந்த வடிகட்டிகள் கணக்குடன் சேர்ந்தே போய்விடும் என்பது இதிலுள்ள முரண். அதே நாட்டின் அரசு 2007-இல் பெரும் பொருட்செலவில் வழங்கிய இலவச வடிகட்டியை மெல்பேர்ணைச் சேர்ந்த 16 வயது மாணவர் ஒருவர் ஏறத்தாழ அரை மணி நேரத்தில் முறியடித்துக் காட்டினார். மென்பொருளின் சின்னம் திரையில் அப்படியே இருந்ததால், பெற்றோருக்கு வடிகட்டி இயங்குவதாகவே தோன்றியிருக்கும்.

ஆய்வு முடிவுகள்

ஆக்சுபோர்டு இணைய நிறுவனத்தின் ஆந்திரூ சிபில்சுகி, விக்டோரியா நாசு ஆகியோர் 2018-இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. ஐரோப்பியச் சிறுவர் தரவுகளையும் பிரித்தானியப் பதின்ம வயதினரின் தரவுகளையும் அவர்கள் ஆராய்ந்தனர். ஓர் இளையவர் பாலியல் உள்ளடக்கத்தை எதிர்கொள்வதைத் தடுக்க, 17 முதல் 77 வீடுகள் வரை வடிகட்டி பயன்படுத்த வேண்டியிருக்கும் என்று மதிப்பிட்டனர். எதிர்கொள்ளல் ஏற்பட்டதா இல்லையா என்பதில் 99.5 விழுக்காட்டுக்கு மேற்பட்ட பங்கு வடிகட்டி சாராத காரணங்களையே சேர்ந்தது. இம்முடிவைக் கொண்டு வடிகட்டி வேண்டாம் என்று கூறுவது பொருந்தாது. ஆய்வுக்கு உட்பட்டோர் 11 வயதைக் கடந்தவர்கள். தேடத் தெரிந்தவர்கள், நண்பரின் கைபேசியில் பார்க்கக் கூடியவர்கள். எழுத்தறியாமல் திரையைத் தொட்டுத் தாவும் நான்கு வயதுக் குழந்தையின் சிக்கல் வேறு. அக்குழந்தை வடிகட்டியைத் தாண்ட முயல்வதில்லை. தானாக ஓடும் அடுத்த நிகழ்படம் அதனிடம் வருகிறது. மனிதர் தெரிந்தெடுத்த சிறு தொகுப்பை மட்டும் காட்டும் அமைப்பும், தானியங்கி ஓட்டத்தை நிறுத்துவதும் அவ்வயதினருக்கு உதவுமென எதிர்பார்க்கலாம். யூடியூப் கிட்சு செயலியில் பெற்றோர் ஒப்புதல் அளித்தவை மட்டும் தோன்றுமாறு அமைக்க இயலும்.

பார்க்கும் குழந்தையும் பார்க்கப்படும் குழந்தையும்

வடிகட்டி பற்றிய பேச்சில் பெரும்பாலும் மறக்கப்படுவது, நிகழ்படத்தின் உள்ளே இருக்கும் குழந்தை. குழந்தை தகாததைப் பார்ப்பது ஒரு தீங்கு. குழந்தைக்குக் கொடுமை இழைத்துப் படம்பிடிப்பது அதனினும் பெரிய குற்றம். தகவல் தொழினுட்பச் சட்டத்தின் 67ஆ பிரிவு 2009 அக்டோபர் 27 முதல் சிறுவரைப் பாலியல் நோக்கில் காட்டும் பதிவுகளைத் தண்டனைக்குரியதாக்கியது. 2024 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், அத்தகைய பதிவைத் தனியே பதிவிறக்கிப் பார்ப்பது மட்டும் குற்றமாகாது என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் இதனை மாற்றி, உரிய கருத்துடன் வைத்திருப்பதும் போக்சோ சட்டத்தின் 15 ஆவது பிரிவின்படி குற்றமாகலாம் என்றது. "சிறுவர் ஆபாசம்" என்ற சொல்லைக் கைவிட்டு, சிறுவர் மீதான பாலியற் சுரண்டலையும் கொடுமையையும் காட்டும் பொருள் என்றே குறிப்பிட வேண்டும் எனவும் அது கூறியது.

இத்துறையில் கைரேகை ஒப்பீடு கண்கூடான பயன் தந்துள்ளது. பெருந்தளங்கள் இவ்வாறு கண்டறிபவற்றை அமெரிக்காவின் காணாமற்போன, சுரண்டப்பட்ட சிறுவர்களுக்கான தேசிய மையத்துக்குத் தெரிவிக்கின்றன. 2019-இல் இந்தியாவின் தேசியக் குற்ற ஆவணப் பணியகம் அம்மையத்துடன் உடன்பாடு செய்துகொண்டதால், இந்தியா தொடர்பான தகவல்கள் மாநிலக் காவல்துறைகளை அடைகின்றன. 2019 திசம்பரில் திருச்சிராப்பள்ளியில் ஒருவர் கைது செய்யப்பட்டது தமிழ்நாட்டில் தொடக்கக் கால நடவடிக்கைகளுள் ஒன்றாகும். 2021 ஆம் ஆண்டின் தகவல் தொழினுட்ப விதிகள், பெரிய சமூக ஊடக நிறுவனங்கள் இத்தகைய பதிவுகளைத் தானியங்கிக் கருவிகளால் கண்டறிய முயல வேண்டும் என்கின்றன.

குழந்தைகள் ஆடிப்பாடும் குற்றமற்ற குடும்ப நிகழ்படங்களின் கீழ்த் தவறான கருத்துகள் எழுதப்படுவது வெளிப்பட்டதால், 2019 பெப்ரவரியில் யூடியூப் சிறுவர் தோன்றும் பெரும்பாலான நிகழ்படங்களில் கருத்துரைப் பகுதியை மூடியது. நிகழ்படத்தில் தவறு இல்லை. பார்வையில் தவறு இருந்தது. அதனைப் படத்தை ஆராயும் எந்த வடிகட்டியாலும் கண்டறிந்திருக்க முடியாது. அந்நியர் ஒருவர் தனிச்செய்தியில் குழந்தையிடம் படம் கேட்பதையும் அவ்வாறே. இத்தகைய நிலையில் குழந்தையோ பெரியவரோ 1098 என்ற சிறுவர் உதவி எண்ணை அழைக்கலாம். தேசிய இணையக் குற்ற முறையீட்டுத் தளத்தில் பெயர் வெளியிடாமலும் முறையிட வசதி உண்டு.